நெடுந்தூர இழுவைக்குப் பழைய டீசல் பிக்கப்

அமெரிக்காவில் கனரக பிக்கப் வாங்குகிறவர்களில் பலர் அதை வாங்குவதே பின்னால் எதையாவது கட்டி இழுப்பதற்காகத்தான். குதிரை டிரெய்லர், வைக்கோல் கட்டு ஏற்றிய டிரெய்லர், மண் தோண்டும் இயந்திரம், படகு, படுக்கையறையும் சமையலறையும் உள்ள நடமாடும் வீடு என்று ஐந்து டன், ஏழு டன் எடையை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகிறார்கள். இந்த வேலைக்கான டீசல் வண்டிகளை மூன்று நிறுவனங்கள் செய்கின்றன. ஃபோர்டின் எஃப்-250, எஃப்-350. ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியரா 2500, 3500. முன்பு டாட்ஜ் என்ற பெயரில் விற்ற ராம் 2500, 3500. இவற்றில் 250, 2500 எண்ணுள்ளவை முக்கால் டன் வண்டி, 350, 3500 எண்ணுள்ளவை ஒரு டன் வண்டி என்று பேச்சுவழக்கில் வழங்கும். ஒரு காலத்தில் அவை சுமந்த எடையால் வந்த பெயர் அது. இன்று அவை அதைவிட அதிகமாகவே சுமக்கின்றன. புதிதாக வாங்கினால் நடுத்தரக் குடும்பத்தின் ஓராண்டு வருமானத்தை ஏறக்குறைய விழுங்கிவிடும் விலை. அதனால் செகண்ட் ஹேண்ட் சந்தையை நாடுகிறவர்கள் ஏராளம். அங்கே நல்ல வண்டியும் உண்டு, வாங்கியவரின் சேமிப்பைக் கரைக்கும் வண்டியும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும்.

டீசலை நாடுவதற்குக் காரணம் குதிரைத்திறன் என்பதைவிட முறுக்கு விசை. டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1,600, 1,800 சுற்றிலேயே தன் முழு இழுவையையும் கொடுத்துவிடும். பெட்ரோல் எஞ்சின் அதே மேட்டில் கியரைக் குறைத்து, 4,000 சுற்றுக்கு மேல் அலறிக்கொண்டு ஏற வேண்டியிருக்கும். 1989இல் டாட்ஜ் பிக்கப்பில் முதன்முதலாக வைத்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சினுக்கு வெறும் 160 குதிரைத்திறன்தான். முறுக்கு விசையோ 540 நியூட்டன் மீட்டருக்கு மேல். 2017இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் டியூராமேக்ஸ் எஞ்சினில் அது 1,230ஐத் தாண்டியது. டர்போ இருப்பதால் மலை உயரத்திலும் மூச்சுத் திணறாது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் தன் சக்தியில் ஏறத்தாழ மூன்று சதவீதத்தை இழக்கிறது. கொலராடோவில் 3,400 மீட்டர் உயரத்திலுள்ள ஐசனோவர் சுரங்கத்தை நோக்கி டிரெய்லருடன் ஏறும்போது இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். எரிபொருள் செலவைப் பொறுத்தவரை, லிட்டருக்கு லிட்டர் டீசலில் அடங்கிய ஆற்றல் பெட்ரோலைவிட 13 சதவீதம் போல அதிகம். ஆனாலும் பெரிய டிரெய்லரைக் கட்டிய பிறகு லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் கிடைத்தாலே நிறைவு கொள்ள வேண்டியதுதான்.

ஆண்டுக்கு இரண்டு முறை பக்கத்து ஏரிக்குப் படகை இழுத்துப் போகிறவருக்கு டீசல் தேவையில்லை. மீதி நாளெல்லாம் அந்த வண்டி கடைக்கும் பள்ளிக்கும் குறுந்தூரம் ஓடும். எஞ்சின் சூடேறுவதற்குள் அணைந்துவிடும். நவீன டீசலுக்கு அதைவிடக் கெட்ட வாழ்க்கை கிடையாது. நெடுந்தூரமும் கனத்த சுமையும் அடிக்கடி அமைகிறவருக்கே டீசலின் கூடுதல் விலையும் பராமரிப்பும் கட்டுப்படியாகும்.

வண்டியைத் தேடுவதற்கு முன்னால் டிரெய்லரின் எடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். வண்டியை முதலில் வாங்கி, விளம்பரத்தில் போட்ட இழுவை அளவை நம்பி, பிறகு டிரெய்லர் வாங்குகிறார்கள். 6,000 கிலோவுக்கு மேல் இழுக்கும் என்று விளம்பரம் சொல்லலாம். எஞ்சின் இழுக்கவும் செய்யும். ஆனால் டிரெய்லரின் எடையில் ஒரு பகுதி எப்போதும் பிக்கப்பின் முதுகில் இறங்குகிறது. பம்பருக்குக் கீழே உருண்டையில் மாட்டும் சாதாரண டிரெய்லரில் அந்தப் பகுதி 10 முதல் 15 சதவீதம். இதைவிடக் குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும், வேகத்தில் அது உயிருக்கே ஆபத்து. சுமைத்தொட்டியின் நடுவில், பின் அச்சுக்கு மேலே மாட்டும் ஃபிஃப்த் வீல் வகையில் அது 15 முதல் 25 சதவீதம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஃபிஃப்த் வீல் நடமாடும் வீடு ஒன்று, பொருள்களுடன் 5,400 கிலோ. அதில் 20 சதவீதம், அதாவது 1,080 கிலோ, வண்டியின் மேல் இறங்கும். மாட்டுவதற்கான இரும்புக் கொக்கி அமைப்பு 80 கிலோ. கணவன் மனைவி இருவரும் 150 கிலோ. கூட்டினால் 1,310. முக்கால் டன் டீசல் வண்டியின் மொத்த எடை வரம்பு பெரும்பாலும் 10,000 பவுண்டு, அதாவது 4,536 கிலோ. டீசல் எஞ்சினே கனம்; கம்மின்ஸ் எஞ்சின் மட்டும் அரை டன் இருக்கும். நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம் எல்லாம் சேர்ந்த வண்டி தன் எடையிலேயே மூன்றரை டன்னை எட்டிவிடுவதால், சுமக்க மிஞ்சுவது ஆயிரம் கிலோ சொச்சம்தான். இழுவை அளவுக்குள் தாராளமாக அடங்கிய டிரெய்லர் சுமை அளவைத் தாண்டிவிட்டது. இதற்கு ஒரு டன் வண்டிதான் வேண்டும். இன்னும் பெரிய டிரெய்லர் என்றால் பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரம் உள்ள, டூயலி என்று சொல்லப்படும் வண்டி. அது முக்கால் டன் வண்டியைப் போல் இரு மடங்கு சுமக்கும். பக்கக் காற்று அடிக்கும்போது நிலையாக நிற்கும். நிறுத்த இடம் கிடைப்பதும் டயர் செலவும் அதற்கான விலை.

இந்த அளவுகள் விற்பனைப் புத்தகத்தில் இருப்பதைவிட வண்டியின் மேலேயே நம்பகமாக இருக்கின்றன. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் மொத்த எடை வரம்பும், முன் பின் அச்சுகள் தாங்கும் எடையும் அச்சாகியிருக்கும். மஞ்சள் பட்டையுள்ள சீட்டில் அந்தக் குறிப்பிட்ட வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்பதும் இருக்கும். ஒரே மாடலில் ஒரே ஆண்டில் வந்த இரண்டு வண்டிகளுக்கு இந்த எண் நூறு இருநூறு கிலோ மாறும். வாங்கப் போகிறவர் முதலில் படம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தச் சீட்டைத்தான்.

அடுத்தது வண்டி பிறந்த ஆண்டு. எந்த நிறுவனம் சிறந்தது என்று அமெரிக்கர்கள் சண்டை போடுவார்கள். ஆனால் பழைய டீசல் என்ன தொல்லை கொடுக்கும் என்பதை நிறுவனத்தின் சின்னத்தைவிட ஆண்டுதான் தெளிவாகச் சொல்கிறது. காரணம் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது இறுகிய ஒவ்வொரு முறையும் எஞ்சினில் புதிய உறுப்புகள் சேர்ந்தன. புதிய உறுப்பின் முதல் சில ஆண்டுகள் பெரும்பாலும் வாங்கியவருக்குச் சோதனைக் காலமாக அமைந்தன.

2003க்கு முந்தையவை எளிய வண்டிகள். ஃபோர்டில் நேவிஸ்டார் செய்து தந்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக், 1994 முதல் 2003 வரை. டாட்ஜில் கம்மின்ஸ் 5.9, 1998 நடுவில் அது பன்னிரண்டு வால்விலிருந்து இருபத்துநான்கு வால்வுக்கு மாறியது. பன்னிரண்டு வால்வு எஞ்சின், குறிப்பாக 1994க்குப் பிறகு பி7100 என்ற இயந்திர பம்புடன் வந்தது, கணினி ஏதும் இல்லாமலே ஓடும். பத்து லட்சம் கிலோமீட்டரை நெருங்கியவையும் உண்டு. அதில் கவனிக்க வேண்டியது ஒரு சிறு முளை. முன்பக்க கியர் உறைக்குள் இருக்கும் அந்த இரும்பு முளை தளர்ந்து கியர்களுக்கு நடுவே விழுந்தால் எஞ்சினையே உடைத்துவிடும். அதைத் தகடு வைத்து அடைத்திருக்கிறார்களா என்று கேட்பது வழக்கம். இருபத்துநான்கு வால்வின் முதல் ஆண்டுகளில் பலவீனம் விபி44 என்ற எரிபொருள் பம்ப். டாங்கியிலிருந்து அதற்கு டீசல் ஏற்றும் சிறு பம்ப் சோர்ந்தால் இதுவும் உடன் போகும். ஃபோர்டின் 7.3க்கு ஆயுள் நீளம், சக்தி குறைவு. இவையெல்லாம் இன்று இருபது வயது கடந்தவை. எஞ்சின் நன்றாக இருந்தாலும் அடிச்சட்டம், பிரேக் குழாய், மின்கம்பி, இருக்கை எல்லாம் அதே வயதுதான். அந்த டாட்ஜ்களின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எஞ்சினின் வலிமைக்கு ஈடானதும் இல்லை.

2001இல் ஜெனரல் மோட்டார்ஸ் இசுசுவுடன் சேர்ந்து டியூராமேக்ஸ் 6.6 லிட்டர் வி8ஐக் கொண்டுவந்தது. பின்னால் அலிசன் கியர்பாக்ஸ். எல்பி7 எனப்படும் முதல் வகை 2004 வரை வந்தது. அதன் இன்ஜெக்டர்கள் பெயர் கெட்டவை. அவை வால்வு மூடிக்கு அடியில் இருப்பதால் மாற்றுவது நாள்கணக்கான வேலை. நிறுவனம் அவற்றுக்கு 7 ஆண்டு வரை உத்தரவாதத்தை நீட்டித்தது. அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால், மாற்றியதற்கான ரசீது இருக்கிறதா என்பதே இன்று கேள்வி. அடுத்து வந்த எல்எல்ஒய் வகை கோடையில் சுமையுடன் மேடேறும்போது சூடேறும் என்று பெயர் வாங்கியது. 2006, 2007இல் ஆறு கியர் அலிசனுடன் வந்த எல்பிஇசட் வகையும், ராமில் 2003 முதல் 2007 வரை காமன் ரெயில் எரிபொருள் அமைப்புடன் வந்த 5.9 கம்மின்ஸும் பழைய வண்டிச் சந்தையில் அதிக மதிப்புள்ளவை. புகை வடிகட்டி வருவதற்கு முந்தைய கடைசி எஞ்சின்கள் என்பதே அதற்குக் காரணம்.

அதே காலத்தில் ஃபோர்டு வெளியிட்ட 6.0 லிட்டர் எஞ்சினைத் தனியே சொல்ல வேண்டும். 2003 முதல் 2007 வரை வந்த இதன் கதை, ஒரு சிறு உறுப்பு எப்படி எஞ்சினையே கவிழ்க்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு. எஞ்சின் ஆயிலைக் குளிர்விக்கும் சிறு அமைப்பின் நுண் துவாரங்கள் கூலன்டிலுள்ள கசடால் அடைபடும். அதைத் தாண்டித்தான் கூலன்ட், எஞ்சினுக்குள் திருப்பிவிடும் புகையைக் குளிர்விக்கும் அமைப்புக்குப் போக வேண்டும். போகாததால் அது கொதித்துப் பிளக்கும். பிளந்ததும் கூலன்ட் சிலிண்டருக்குள் நுழையும். முந்தைய 7.3இல் சிலிண்டரைச் சுற்றி ஆறு போல்ட், இதில் நான்கு. அழுத்தம் ஏறியதும் எஞ்சின் தலை தூக்கி, ஹெட் காஸ்கெட் போகும். இன்ஜெக்டர்களை இயக்கும் மின்னணுப் பெட்டியும் அடிக்கடி பழுதாகும். இந்தக் குறைகளை எல்லாம் முறையாகச் சரிசெய்து, வலுவான ஸ்டட் போட்டுத் திரும்பக் கட்டிய 6.0 நல்ல எஞ்சின் என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. ரசீதுகளோடு அப்படி ஒன்று கிடைத்தால் வாங்கலாம். ரசீது இல்லாமல் மலிவாகக் கிடைப்பதை விட்டுவிடுவதே நல்லது.

2007இல் சட்டம் இறுகியதும் எல்லா டீசல் பிக்கப்களிலும் கரிப்புகையைப் பிடித்துவைக்கும் வடிகட்டி வந்தது. பிடித்த கரியை அவ்வப்போது 600 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பத்தில் எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அந்த வெப்பத்தை உண்டாக்கச் சிலிண்டருக்குள் கூடுதலாக டீசலைப் பீய்ச்சினார்கள். அதில் ஒரு பகுதி சுவர் வழியே வழிந்து ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்தது. 2008 முதல் 2010 வரை வந்த ஃபோர்டு 6.4 இதில் மோசமாகப் பாதிக்கப்பட்டது. அதன் பெரிய பழுதுகளுக்கு ஓட்டுநர் அறையையே தூக்கி எடுக்க வேண்டியிருப்பதால் கூலியும் கூடும். பழைய வண்டி தேடுகிறவர் தவிர்க்க வேண்டிய காலம் ஒன்று உண்டென்றால், இந்த மூன்று நான்கு ஆண்டுகள்தான்.

2010 வாக்கில் அடுத்த மாற்றம். 32.5 சதவீத யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் முறை. டெஃப் எனப்படும் அந்தத் திரவம் தமிழ்நாட்டு லாரி ஓட்டுநர்களுக்கும் பழக்கமானது. பிஎஸ்-6 விதி 2020 ஏப்ரலில் வந்தபின் இங்கும் லாரிகள் அதை ஊற்றிக்கொண்டுதான் ஓடுகின்றன. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 2011 மாடலில் இதற்கு மாறின. ராம் பிக்கப் 2013இல். இதனால் எஞ்சினுக்குள் புகையைத் திருப்பிவிடும் கட்டாயம் குறைந்து, வண்டிகளின் சக்தியும் உழைப்பும் கூடின. ராம் பக்கம் இன்னொரு செய்தியும் உண்டு. 2013 முதல் 2019 வரையிலான சுமார் 6,30,000 ராம் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டை ஏய்க்கும் மென்பொருள் இருந்ததாகக் கம்மின்ஸ் மீது அமெரிக்க அரசு குற்றம் சாட்டியது, 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு நிறுவனம் 2023 இறுதியில் ஒப்புக்கொண்டது. அவற்றைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றவும் ஏற்பாடானது. அந்த வேலை முடிந்த வண்டியா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் காலத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது பாஷ் நிறுவனத்தின் சிபி4 உயரழுத்த பம்ப் பற்றி. 2,000 பார் அளவு அழுத்தத்தில் வேலை செய்யும் இந்தப் பம்புக்கு மசகு அதன் வழியே ஓடும் டீசல்தான். கந்தகத்தை நீக்கிய டீசலில் வழுவழுப்புக் குறைவு. அமெரிக்கத் தரம் சோதனையில் 520 மைக்ரான் தேய்மானத்தை அனுமதிக்கிறது, ஐரோப்பியத் தரம் 460ஐ. பம்புக்குள் உருளை திசை மாறி உரசினால் இரும்புத் தூள் உதிரும். அது இன்ஜெக்டர், குழாய், டாங்கி எங்கும் பரவும். அப்போது பம்ப் மட்டுமின்றி எரிபொருள் அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டும். 8,000 டாலருக்கு மேல் செலவு. 2011 முதல் 2016 வரையிலான டியூராமேக்ஸ், 2011 முதல் வந்த ஃபோர்டு 6.7, 2019, 2020 ராம் ஆகியவற்றில் இந்தப் பம்ப் உண்டு. ராம் 2021இல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பழைய சிபி3 வகையை மாட்டித் தந்தது. 2017 முதல் வந்த டியூராமேக்ஸ் எல்5பி டென்சோ பம்புக்கு மாறிவிட்டது. விலை கட்டுப்படியாகுமானால், நெடுந்தூர இழுவைக்கு அந்த 2017க்குப் பிந்தைய டியூராமேக்ஸும், 2013 முதல் 2018 வரையிலான 6.7 கம்மின்ஸும் முதலில் தேட வேண்டியவை. ஃபோர்டு 6.7 என்றால் 2015 முதல் வந்த, டர்போவை மாற்றியமைத்த வகையைத் தேடலாம். எரிபொருள் வடிகட்டியைக் காலம் தவறாமல் மாற்றிய கணக்கு இருக்க வேண்டும்.

எஞ்சின் இழுக்கும், நிறுத்துவது வேறு கதை. அரிசோனாவில் புல்ஹெட் சிட்டியிலிருந்து கிளம்பும் டேவிஸ் டேம் மேட்டில்தான் இழுவை அளவுக்கான எஸ்ஏஇ ஜே2807 சோதனையின் ஏற்றப் பகுதி நடக்கிறது. கடும் வெயிலில், ஏசி ஓட, முழுச் சுமையுடன் மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும், டூயலிக்கு 35. ஆனால் ஓட்டுநர்கள் அஞ்சுவது ஏற்றத்தைவிட இறக்கத்துக்கு. ஏழு சதவீதச் சரிவில் பத்து டன் எடையைக் கால் பிரேக்கால் மட்டும் தடுத்துக்கொண்டு வந்தால் பிரேக் காய்ந்து, மிதித்தும் பிடிக்காத நிலை வந்துவிடும். அதற்குத்தான் புகை வழியை நெரித்து எஞ்சினாலேயே வேகத்தைக் கட்டும் எக்சாஸ்ட் பிரேக். ராமில் 2007 நடுவில் வந்த 6.7 முதலும், மற்ற இரண்டில் 2011 முதலும் இது தொழிற்சாலையிலேயே வருகிறது. மலைப்பாதையில் இழுக்கப் போகிறவர் இது இல்லாத வண்டியை வாங்கக் கூடாது. பழைய வண்டியானால் தனியாகப் பொருத்திக்கொள்ள வேண்டும். டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி வண்டியோடு இணைந்தே இருந்தால் நல்லது. பின் அச்சின் பல் விகிதம் 3.73, 4.10 என்பது போல எண் பெரிதானால் இழுவை கூடும், மைலேஜ் குறையும். கியர்பாக்ஸில் அலிசனுக்கு நல்ல பெயர். ராம் 3500இல் 2013 முதல் கிடைத்த ஐசின், அதே வண்டியின் சாதாரண ஆறு கியரைவிட உறுதியானது.

நேரில் பார்க்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது முக்கியம். விற்கிறவர் முன்னதாகவே சூடேற்றி வைத்திருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத குறை மறைந்துவிடும். ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை நெடுநேரம் நீடித்தால் இன்ஜெக்டரையோ கூலன்ட் கசிவையோ சந்தேகிக்கலாம். நீலப் புகை ஆயில் எரிவது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வாயின் மேல் தலைகீழாக வைத்தால், தேய்ந்த பிஸ்டன் வளையம் உள்ள எஞ்சின் காற்றைப் பீய்ச்சி மூடியைத் தள்ளிவிடும். கூலன்ட் தொட்டியின் ஓரத்தில் காய்ந்த வெள்ளைக் கறை இருந்தால் அழுத்தத்தில் பொங்கி வழிந்திருக்கிறது என்று பொருள். கியர்பாக்ஸ் ஆயில் தீய்ந்த வாடை அடிக்கக் கூடாது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு எண்கள் அது செய்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்.

ஓடிய தூரத்தை மட்டும் பார்த்தால் ஏமாற நேரும். எஞ்சின் ஓடிய மணிநேரத்தையும் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் நின்றபடி ஓடிய நேரம் தனியே பதிவாகும். ஒரு மணிநேரம் சும்மா நின்று ஓடினால் சுமார் 40 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம் என்று கணக்கிடுவது வழக்கம். கட்டுமான இடத்தில் நாள் முழுக்க எஞ்சினை அணைக்காமல் நின்ற வண்டி, மீட்டரில் இளமையாகத் தெரியும். இதற்கு மாறாக, நெடுஞ்சாலையில் இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடி, ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் ரசீது வைத்திருப்பவரின் வண்டியை நம்பி வாங்கலாம். மிச்சிகன், ஒஹாயோ போன்ற பனிமாநிலங்களின் சாலையில் கொட்டும் உப்பு அடிச்சட்டத்தை அரித்துவிடும். படுத்துப் பார்த்து, சந்தேகமான இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும்.

புகை வடிகட்டியையும் யூரியா அமைப்பையும் கழற்றி எறிந்துவிட்டு, மென்பொருளை மாற்றிய வண்டிகள் சந்தையில் நிறைய உண்டு. தொல்லை தீர்ந்தது, மைலேஜ் கூடியது என்று விற்பார்கள். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டப்படி இது குற்றம். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் புகைச் சோதனையில் தேறாது. கழற்றிய உறுப்புகளைத் திரும்ப மாட்டப் பல ஆயிரம் டாலர் ஆகும். சக்தியைக் கூட்டும் மென்பொருளும் உடன் ஏற்றப்பட்டிருந்தால் பிஸ்டனும் கியர்பாக்ஸும் என்ன பாடுபட்டிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இத்தகைய வண்டி எவ்வளவு மலிவானாலும் நெடுந்தூரத்துக்கு உதவாது. வழியில் பழுதானால் நிறுவனத்தின் பணிமனைகள் தொடத் தயங்கும்.

விலை பேசுவதற்கு முன், வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணைத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பட்டியலில் இலவசமாகத் தேடி, செய்யாமல் விட்ட திரும்ப அழைப்பு வேலை ஏதும் உண்டா என்று அறியலாம். ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் உலோகத் தேய்மானமும், கூலன்ட், டீசல் கலப்பும் தெரிந்துவிடும். டீசல் மட்டுமே பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் காட்டுவதற்கு ஆகும் பணம், பின்னால் ஒரு இன்ஜெக்டருக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. கையிலிருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல், பெரிய பழுது ஒன்றுக்காவது ஒதுக்கிவைப்பது அவசியம்.

வாங்கிய பிறகு டிரெய்லரைக் கட்டி, தண்ணீர், துணிமணி, சமையல் பாத்திரம் எல்லாம் வழக்கம்போல ஏற்றி, எல்லோரும் ஏறிக்கொண்டு, நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தத்திலுள்ள எடைமேடைக்குப் போக வேண்டும். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லரின் அச்சு மூன்றும் தனித்தனியே அச்சிட்டுக் கிடைக்கும். டிரெய்லரைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை நிறுத்தினால், அதன் மூக்கு வண்டியின் மேல் எவ்வளவு அழுத்துகிறது என்பதும் கழித்தல் கணக்கில் வந்துவிடும். அந்த எண்கள் கதவுத் தூணிலுள்ள எண்களுக்குள் அடங்கினால் பயணத்தைத் தொடங்கலாம். அடங்காவிட்டால் இறக்கக்கூடியதை அங்கேயே இறக்கிவிட வேண்டும்.